நட்சத்திரத்துக்கு வால் உண்டா?

டிசம்பர் பிறந்ததும் எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் மூங்கில் சீவ ஆரம்பித்துவிடுவார்கள். கோவில் முகப்பில் கட்டும் பெரிய ஸ்டாருக்காக. கூடவே ஒரு வழக்கும் தொடங்கும்: வால் வைப்பதா, வேண்டாமா? வால் இல்லாமல் அது எப்படி வழி காட்டும் என்பது ஒரு கட்சி. வால் நட்சத்திரம் தெரிந்தால் ராஜாவுக்கு ஆகாது என்பார்களே, அதைப் போய் இயேசு பிறப்புக்குக் கட்டலாமா என்பது எதிர்க்கட்சி. ஐந்து முனையா, ஆறு முனையா என்று கிளை வழக்கு வேறு. தீர்ப்புச் சொல்லலாம் என்று வேதத்தைத் திறந்தேன். அது என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் வரும் நட்சத்திரத்துக்கு வாலும் இல்லை, முனையும் இல்லை. அதைப் பார்த்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்றுகூட அங்கே எழுதியில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள். லூக்காவும் பிறப்பின் கதையை விரிவாகச் சொல்கிறார், ஆனால் அதில் நட்சத்திரமே கிடையாது. மேய்ப்பர்களுக்கு அவர் தரும் அடையாளம் முன்னணையில் கிடக்கும் பிள்ளை. மாற்குவும் யோவானும் பிறப்பின் கதைப் பக்கமே போகவில்லை. ஆக, நம் வாசல்களில் தொங்கும் அத்தனை ஸ்டாருக்கும் ஆதாரம் ஒரே சுவிசேஷத்தின் ஒரே அதிகாரம்.

எனக்கு ஆச்சரியம் இதுவல்ல. நட்சத்திரம் பார்த்துக் குறி சொல்வது பழைய ஏற்பாட்டுக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். வானத்துச் சேனைகளைக் கும்பிடாதே என்று உபாகமம் எச்சரிக்கிறது. பாபிலோன் ஜோசியர்களை ஏசாயா கேலி பண்ணுகிறார். அந்த மரபில் வந்த மத்தேயு, மேசியாவைத் தேடிப் புறப்பட்டவர்கள் கிழக்கத்திய ஜோசியர்கள் என்று எழுதுகிறார். எருசலேமின் வேதபாரகருக்கோ ஊர் பெத்லகேம் என்பது வசனத்தோடு தெரியும்; அவர்களில் ஒருவர் கிளம்பியதாகவும் கதையில் இல்லை. ஜோசியத்தை மேடையில் வெளுத்து வாங்கும் நம் பிரசங்கியார்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகவே கடந்துவிடுவார்கள். ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. அந்தக் கலைக்குச் சுவிசேஷம் வரும்வரைதான் அனுமதி என்றார் அவர். சாஸ்திரிகள் வேறு வழியாக ஊர் திரும்பினார்கள் என்பதற்கு, பழைய வழியையே விட்டுவிட்டார்கள் என்று பொருள் சொன்னார். கெட்டிக்கார வக்கீல் வாதம்தான். ஆனாலும் நட்சத்திரம் மத்தேயுவின் கைக்கு எப்படி வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் எண்ணாகமம் 24-ல் இருக்கிறது. மோவாபின் ராஜா பாலாக், இஸ்ரவேலைச் சபிப்பதற்காக ஐப்பிராத்து நதிப் பக்கத்திலிருந்து பிலேயாம் என்ற குறிசொல்லியைக் கூலி பேசி வரவழைக்கிறான். சபிக்க வந்தவன் வாயில் ஆசீர்வாதமே வருகிறது. யாக்கோபிலிருந்து ஒரு நட்சத்திரம் எழும்பும் என்றும் சொல்லிவிடுகிறான். அவன் இஸ்ரவேலன் அல்ல, நல்லவன் என்று பெயர் எடுத்தவனும் அல்ல. இவன் வெறும் கதாபாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்து வாசித்தது தூக்கிவாரிப் போட்டது. 1967-ல் யோர்தான் நாட்டின் டேர் அல்லா மேட்டில் டச்சு ஆய்வாளர்கள் தோண்டியபோது, கறுப்பு, சிவப்பு மையால் எழுதிய சுவர்ப்பூச்சுத் துண்டுகள் கிடைத்தன. ஒட்டிப் படித்தால், தேவர்களை இரவில் தரிசித்த பேயோரின் மகன் பிலேயாமின் கதை! எழுதப்பட்ட காலம் கி.மு. 8-ம் நூற்றாண்டு வாக்கில். வேதத்துக்கு வெளியேயும் பிலேயாம் பேர்போன ஞானதிருஷ்டிக்காரன்தான்.

அவன் சொன்ன நட்சத்திரத்தை யூதர்கள் மறக்கவில்லை. கி.பி. 132-ல் ரோமாபுரிக்கு எதிராக எழுந்த சீமோன் பார் கோசிபாவை மக்கள் பார் கொக்பா, அதாவது நட்சத்திரத்தின் மகன், என்றார்கள். அவன் அடித்த காசுகளில் தேவாலய முகப்பின்மேல் ஒரு நட்சத்திரம் உண்டு. மூன்றே வருஷத்தில் அந்தக் கலகம் ரத்தத்தில் முடிந்தது. அந்தக் காலத்தில் நட்சத்திரம் என்றால் அரசன் என்றுதான் பொருள்; சாஸ்திரிகள் சொன்னதைக் கேட்டு ஏரோது ராஜா கலங்கியதும் அதனால்தான்.

கிறிஸ்தவர்களும் அதை மறக்கவில்லை. ரோம் நகரில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சுவரோவியம் இருக்கிறது. மடியில் பிள்ளையோடு ஒரு தாய். பக்கத்தில் நிற்கும் ஒருவர் மேலே ஒரு நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டுகிறார். அவர் பிலேயாம் என்று சொல்வோர் பலர். ஏசாயா என்போரும் உண்டு. பிலேயாமாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. புதிய ஏற்பாட்டின் கடைசி அதிகாரத்தில் இயேசு தன்னையே விடிவெள்ளி என்கிறார். அதற்குப் பிறகு அடையாளமும் ஆளும் ஒன்றே.

சரி, வால்? மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை அறிஞர் ஒரிஜென் இதே வழக்கை நடத்தியிருக்கிறார். அது வால் நட்சத்திரம் மாதிரி ஒன்று என்பது அவர் எண்ணம். வால் நட்சத்திரம் கேடு கொண்டுவருமே என்று எதிராளி சொல்வான் என்று தெரிந்து, நன்மைக்கும் அது தோன்றியதுண்டு என்று கைரேமோன் என்ற தத்துவவாதியைச் சாட்சிக்கு அழைக்கிறார். இத்தாலியின் பதுவா நகரில் 1305 வாக்கில் ஓவியர் ஜொத்தோ குடிலுக்கு மேலே நெருப்பு வாலோடு நட்சத்திரத்தைத் தீட்டினார். 1301-ல் வானில் வந்த ஹாலி வால் நட்சத்திரத்தை அவர் பார்த்திருப்பார் என்கிறார்கள். 1986-ல் ஹாலியை நெருங்கிப் படம் பிடித்த ஐரோப்பிய விண்கலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வானியலாளர் கெப்ளரோ கி.மு. 7-ல் வியாழனும் சனியும் கூடிவந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கூடுகையில்கூட இரண்டுக்கும் இடையே முழுநிலா இரண்டு நிற்கும் இடைவெளி இருந்தது. ஒரு வீட்டுக்கு மேலே வந்து நின்ற நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் தேடுவது வீண் வேலை என்றே எனக்குப் படுகிறது. வால் வைப்பது அவரவர் இஷ்டம்.

இனி, காகித ஸ்டார். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவியச் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தில் பலமுனை நட்சத்திரம் செய்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்களில் பலர், பெற்றோர் கடல்கடந்து மிஷனரிகளாகப் போயிருக்க, விடுதியில் வளர்ந்த பிள்ளைகள். பழைய மாணவர் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக் 1880 வாக்கில் ஹெர்ன்ஹூட் ஊரில் தன் புத்தகக் கடையில் அவற்றைச் செய்து விற்றார். மகன் ஹாரி அதைத் தொழிற்சாலையாக்கினார். அடிப்பக்கம் சதுரமான முனை 17, முக்கோணமான முனை 8, மொத்தம் 25. இன்றும் அதே கணக்கு.

இதே மொரேவியர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள். நிக்கோபாருக்குப் போவதற்காக வந்து, ஊருக்கு அருகே தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். ஸ்டார் அவர்களோடு வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் 19-ம் நூற்றாண்டு தொடங்கியபோதே அவர்கள் காரியம் முடிந்துவிட்டது. நீஸ்கியின் காகித நட்சத்திரம் அதற்குப் பிந்தியது. வடிவமும் வேறு. நம்முடையது மூங்கில் கட்டிய ஐந்து முனை.

குடிலை வீட்டுக்குள் வைக்கிறோம், ஸ்டாரைத் தெருப் பார்க்கக் கட்டுகிறோம். பிலேயாமையும் சாஸ்திரிகளையும் நினைத்தால் அதுவே அதற்குச் சரியான இடம். அது முதலிலிருந்தே வெளியே இருக்கிறவர்களுக்கான அடையாளம். அவர்கள் வந்து சேர்ந்ததைச் சபை நினைவுகூரும் நாள் ஜனவரி 6. நாமோ புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு ஸ்டாரைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம். இந்த வருஷமாவது ஆறாம் தேதி இரவு வரை அது எரியட்டும்.