சாமான் கிடைக்கவில்லை என்ற சாக்கு

பழைய யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டிக்கு எது வந்தாலும் "சாமான் கிடைக்கறதில்லை" என்று சொல்லிவிடலாம். கேட்பவரும் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். சொல்வது பொய்யும் அல்ல. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 2022-இல் யெஸ்டி என்ற பெயர் மறுபடி சாலைக்கு வந்தாலும் அது நான்கு ஸ்ட்ரோக், 334 சிசி வண்டி. அதன் பேக்கிங் ஒன்றுகூட எங்கள் பழைய இரண்டு ஸ்ட்ரோக் யெஸ்டி ரோட்கிங்குக்குச் சேராது. இந்த உண்மைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் ஒரு நல்ல மெக்கானிக்கின் பெயரைக் கெடுத்தேன்.

ரிங் மாற்றுவதற்காக வீட்டிலேயே பிளாக்கைத் தூக்கினேன். அடியில் இருந்த பேஸ் பேக்கிங் பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் ஹெட்டுக்குக் கிடைத்தது, கிளட்ச் கவருக்குக் கிடைத்தது, இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் ஒருவர் எடுத்துக் கொடுத்ததில் போல்ட் ஓட்டைகள் சரியாக இருந்தன. கேஸ் மேலே ஏறும் வழிகளை அதன் ஓரம் பாதி மறைத்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரோட்கிங் புதிதாக ஓடிய காலத்திலிருந்தே அந்த வண்டிகளைப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

"கிழிஞ்ச துண்டையெல்லாம் எடுத்து வை தம்பி. ஒரு வாரம் பொறு, கையில இருக்கற வேலை முடியட்டும், நானே வெட்டித் தர்றேன். பேஸ்ட் மட்டும் வெச்சிடாத, பெட்ரோல்ல ஊறிடும்" என்றார்.

அவர் பேக்கிங் வெட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய துண்டில் கிழியாத இடமாகப் பார்த்து மைக்ரோமீட்டரில் கனம் பிடிப்பார். அதே கனத்தில் பேப்பர் தேடி எடுப்பார். கனம் குறைந்தால் பிளாக் கீழே இறங்கிப் போர்ட்டுகள் திறக்கும் நேரமே மாறிவிடும் என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. பிளாக்கின் அடிமுகத்தில் லேசாக ஆயில் தடவிப் பேப்பரில் பதிப்பார். முதலில் போல்ட் ஓட்டைகளை மட்டும் பஞ்சில் எடுத்து, பேப்பரை ஸ்டட்டுகளில் மாட்டி, நகராமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நடுவட்டத்தையும் கேஸ் வழிகளையும் வெட்டுவார். சுத்தியலால் விளிம்பைத் தட்டி வெட்டும் குறுக்குவழி அவர் பட்டறையில் கிடையாது. அலுமினிய விளிம்பு மழுங்கிவிடும் என்பார். வெட்டி முடித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒருமுறை பார்ப்பார். அந்தக் கண்ணைத்தான் நான் பழித்தேன்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா, யெஸ்டிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடும் நாள். அதற்கு முன்னால் வண்டி ஓட வேண்டும் என்று எனக்கு வெறி. வண்டியை விரும்பியதைவிட, வண்டியோடு பத்துப் பேர் பார்வையில் நிற்பதை விரும்பினேன். சனிக்கிழமை இரவு, பேப்பரே வைக்காமல், கடையில் வாங்கிய சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கி பிளாக்கை இறக்கிவிட்டேன். பேப்பரின் கனம் இல்லாமல் போகிறதே என்று தெரிந்தேதான் இறக்கினேன்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பேஸ் பேக்கிங் வெறும் ஆயில் கசிவைத் தடுக்கும் காகிதம் அல்ல. பெட்ரோலும் காற்றும் கலந்த கேஸ், கிராங்க் அறைக்குள் இறங்கித்தான் மேலே போகிறது. அந்த இணைப்பில் சிறு சந்து விழுந்தாலும் கார்புரேட்டரைத் தொடாத காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும். ரோட்கிங்கில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். பெட்ரோல் குறைந்தால் அதுவும் குறையும். சாதாரண சிலிக்கானோ பெட்ரோல் பட்டால் உப்பி, நைந்து, கழன்றுவிடும். இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

மறுநாள் ஈ.சி.ஆரில் கூட்டத்தோடு முறுக்கிக்கொண்டு போனபோது பிஸ்டன் ஜாம் ஆகிப் பின்சக்கரம் இறுகியது. கிளட்ச்சைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டினேன். வண்டிகள் சுற்றி நின்றன. என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "பேஸ் பேக்கிங் நம்ம அண்ணன் வெட்டினது. வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியல போல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அதனால் அதன் கனம் குறைந்துவிடவில்லை. அங்கே நின்ற பலருடைய வண்டிகள் அவர் பட்டறைக்குப் போய்வருபவை. பிறகு ஒவ்வொன்றாக வேறு இடங்களில் தென்பட்டன. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

வண்டியை அவரிடமே கொண்டுபோனேன், வேறு யாருக்கும் அந்த இன்ஜின் பிடிபடாது என்பதால். பிளாக்கைத் தூக்கியதும் கேஸ் வழியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசிறு, பாலில் ஊறிய ரொட்டியைப் போல உப்பிக் கிடந்தது. நகத்தால் தொட்டார், கையோடு வந்துவிட்டது. "பேஸ்ட் வெச்சியா?" என்றார். "பேக்கிங் கிடைக்கலண்ணே" என்றேன். அவர் தலைக்கு மேலே அலமாரியில் பேக்கிங் வெட்டும் பேப்பர் சுருள் இருந்தது. எழுந்து அதை எடுத்தார். போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கி, அவர் வெட்டிய பேக்கிங்கோடு வண்டி இன்றும் ஓடுகிறது. போரிங்கில் சுரண்டிய இரும்பு திரும்ப வராது.

ஈ.சி.ஆரில் சொன்னதை அவரிடம் ஒத்துக்கொள்ள வெகுகாலம் எனக்குத் துணிவு வரவில்லை. இதை எழுதத் தொடங்குவதற்கு முன்னால் போய்ச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அவங்கல்லாம் ஏன் வரலைன்னு இப்பத்தான் புரியுது" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அன்று சாலையோரம் என்னைச் சுற்றி நின்றவர்களில் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து வருகிறேன். எண் தெரியாதவர்களுக்கு இது: அவர் கண்ணில் குறையில்லை, அந்தப் பேக்கிங்கை அவர் வெட்டவே இல்லை. உங்கள் வண்டிகளை அவரிடம் கொண்டுபோங்கள்.