தூக்கிச் சாத்தும் கதவு

எங்கள் வீட்டு டாடா மொபைலின் டிரைவர் பக்கக் கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். அப்பா இருபது வருஷமாக வலது கையால் அதை லேசாகத் தூக்கி இழுப்பார், 'டப்' என்று உட்காரும். டெல்கோ 1988இல் கொண்டுவந்த பிக்கப். எங்களுக்கு வந்தபோதே அது இரண்டாவது கை. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன வண்டி.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையில் பிடிப்பு இல்லை. ஓட்ட முடியாது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் போய் அந்த சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார், கதவு திறந்தபடியே. "ஒருநா அப்படியே வெளிய சாஞ்சு விழப்போறாரு" என்று அம்மா போனில் அழுதாள்.

போன தடவை ஊருக்கு வந்தபோது நான் செய்தது ஒரு குறுக்குவழி. கதவு தொங்குகிறது, அதனால் தூணில் இருக்கும் ஸ்டிரைக்கரை நாலு மில்லி கீழே இறக்கிவிட்டேன். ரெண்டு வாரம் சாத்தியது, அப்புறம் பழையபடி. ஆபீசில் இதற்கு ஹாட்ஃபிக்ஸ் என்று மரியாதையான பேர் உண்டு.

பொங்கல் லீவில் பெரம்பலூர் டிங்கர் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பூட்டைப் பார்க்கவேயில்லை. கதவைப் பாதி திறந்து முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கண் மட்டும் மேல் கீலில். "பின்னு ஆடுது பாரு தம்பி. நோவு இங்க, நீ மருந்து போட்டது அங்க."

கணக்கு எளிது. கதவின் அகலம், இரண்டு கீல்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு. மேல் பின்னில் ஒன்றரை மில்லி ஆட்டம் இருந்தால் முனை நாலரை மில்லி தொங்கும். கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. எண்ணெய் காணாத பின்னில் ரோட்டுத் தூசியும் சேர்ந்தால் அது அரம் மாதிரி தின்னும். இஞ்சினியரிங் படித்த எனக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

கதவுக்கு அடியில் சாக்கு போட்டு ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். கீலைச் சுற்றி ஆணியால் கோடு கீறிய பிறகுதான் போல்ட்டைக் கழற்றவிட்டார். பின் போகும் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அரியலூரில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ஊர், லேத்துக்குப் பஞ்சமில்லை. ஓட்டையை வட்டமாக்கி, பித்தளை புஷ் இறக்கி, புதுப் பின் கடைந்து கொடுத்தார்கள். 480 ரூபாய்.

மாட்டினோம். ஆட்டம் துளியும் இல்லை. ஆனால் கதவு சாத்தவில்லை.

கோட்டைப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினோம். மத்தியானச் சாப்பாடு ஆறிவிட்டது. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, குழறிக் குழறிக் கேட்டார்: "டேய்... போன தடவ கீழ எறக்குனியே... ஏத்துனியா?"

டிங்கர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போய் ஸ்பேனரை எடுத்து வந்தேன்.

உள்பக்கக் கைப்பிடியில் அம்மா ஒரு நூல் கயிறு கட்டிக்கொடுத்தாள். அப்பா சீட்டில் ஏறி, இடது கையைக் குறுக்கே நீட்டிக் கயிற்றை இழுத்தார். பழக்கத்தில் தோள் கொஞ்சம் எழும்பியது. கதவு உட்கார்ந்தது. திறந்தார், மறுபடி சாத்தினார். கண்ணாடியை இறக்கச் சொல்லி என்னிடம் சைகை காட்டினார்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் இறங்கவில்லை.