சங்கடம் என்றொரு தெப்பம்

பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் அங்கு போகும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டின் வழியாகத்தான் செல்கிறது. நிலம் கேரளத்துடையது, அணையை இயக்குவது தமிழ்நாடு. தெற்கே, இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியிலும் இதே நிலைதான். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர்தான் அங்குள்ள ஏரி.

அணைகளைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் ஓயாத பேச்சு. இரண்டு ஏரிகளிலும் மிதக்கும் மூங்கில் தெப்பத்தைப் பற்றி மட்டும் தகராறு இல்லை. மூங்கில் கழிகளை அடுக்கிக் கட்டி, மேலே உட்கார இடம் செய்திருக்கிறார்கள். துடுப்புப் போடுபவர்கள் காட்டை அறிந்த உள்ளூர்க்காரர்கள். மோட்டார் சத்தம் இல்லை என்பதால் கரையில் மேயும் யானைகளும் மிரள்வதில்லை.

இந்தத் தெப்பத்துக்கு மலையாளத்தில் சங்ஙாடம் என்று பெயர். தமிழிலும் அந்தச் சொல் உண்டு: சங்கடம். இரு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பிய கலம் என்று அகராதி பொருள் சொல்கிறது. மரங்களை இணைத்துக் கட்டுவதைக் குறிக்கும் வடசொல் இதன் வேர். துன்பம் என்ற பொருளில் வரும் சங்கடத்தின் வேர் வேறு. அதற்குக் குறுகிய இடம், நெருக்கடி என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இடுக்கியின் பெயரும் 'இடுக்கு' என்பதிலிருந்து வந்ததுதான்.

தோணிச் சொல் வெகுதூரம் போயிருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல், சோழ நாட்டுக் கரையில் பெருமரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்ற கலங்களைக் குறிப்பிடுகிறது. மலபாருக்கு வந்த போர்த்துக்கீசியர் சங்ஙாடத்தை 'ஜங்காடா' ஆக்கி பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வடகிழக்குக் கரை மீனவர்களின் பாய்மரத் தெப்பத்துக்கு அதுவே பெயராயிற்று. 1881இல் சியாரா மாகாணத்தின் ஃபோர்ட்டலேசா துறைமுகத்தில், அடிமைகளைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்ல இந்த ஜங்காடாக்காரர்கள் மறுத்தார்கள். 1884இல் சியாரா அடிமை முறையை ஒழித்தது. பிரேசில் முழுவதும் அது ஒழிந்தது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். கேரளக் காயல்களில் கார்களை ஏற்றிச் செல்லும் 'ஜங்கார்' என்ற பெயரும் இதே குடும்பம்தான்.

தேக்கடி ஏரிக்கு மற்றச் சங்கடமும் தெரியும். 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

தமிழில் இன்று அன்றாடப் பேச்சில் மிஞ்சியிருப்பது துன்பச் சங்கடம் மட்டும்தான். தோணிச் சங்கடம் அகராதியோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போகும் பயணி தேக்கடியில் 'ராஃப்டிங்' டிக்கெட் கேட்கிறார். தெப்பக்காரரிடம் அதன் பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். பிரேசில் மீனவர்கள்கூடக் கைவிடாத சொல், குமுளி எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் வழக்கில் இருக்கிறது.