பல்லில்லாத இடம் சொல்லும் செய்தி

மதரஸாவில் இலக்கணம் போதிக்கும் எனக்கு இயந்திரங்களோடு உள்ள உறவு, மனைவியின் தம்பி வழியாக வந்தது. இருசக்கர வாகனப் பணிமனை நடத்தும் அவர், கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, செவிசாய்த்து, கலவையின் பதத்தைச் சொல்லிவிடுவார்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் அந்தத் திருகே இல்லை. இன்ஜெக்டரும், அதை ஆளும் இ.சி.யு. என்னும் கணினிப் பெட்டியும் வந்துவிட்டன. வாடிக்கையாளர்கள் குறையத் தொடங்கினார்கள். "இதற்குள் என்னதான் நடக்கிறது மச்சான்? படித்துச் சொல்லுங்கள்" என்றார். நான் பெற்றதோ கலைப் பட்டம். ஆயினும் நூல்களைப் புரட்டினேன்.

புதுமை நமக்குத்தான். 1967இலேயே ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. பீய்ச்சுதலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி ஆளும் மோட்ரானிக், 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்தது.

எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஒரு பல்சக்கரம் சுழல்கிறது. அதில் ஓரிடத்தில் மட்டும் பல் இராது. அவ்விடைவெளி கடக்கும்போது சென்சார் உணர்ந்து, பிஸ்டன் இருக்குமிடத்தை அறிவிக்கிறது. (இல்லாத பல்லே செய்தியாவது இலக்கண ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று!) காற்றின் அழுத்தம், வெப்பம் முதலியவற்றைக் கொண்டு உள்ளே வந்த காற்றைப் பெட்டி கணக்கிடுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அதற்கேற்ப இன்ஜெக்டர் சில மில்லி விநாடிகள் திறந்து மூடுகிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார், கணக்குப் பிழைத்திருந்தால் காட்டிக்கொடுக்கிறது.

தீப்பொறியோ, பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பிறக்க வேண்டும். தீ பரவச் சிறிது நேரம் பிடிக்குமல்லவா? வேகம் கூடக்கூட, இன்னும் முன்னதாகப் பிறக்க வேண்டும். மிக முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் ஆற்றல் வெப்பமாய் வெளியே போகும். நிமிடத்திற்கு 6000 சுற்றில், ஒரு பாகை என்பது விநாடியில் 36,000இல் ஒரு பங்கு! வேகத்திற்கும் சுமைக்கும் ஏற்ற கோணங்களின் அட்டவணை பெட்டியின் நினைவில் பதிந்திருக்கிறது.

மனைவியின் வளையலை விற்று ஸ்கேனர் வாங்கினார் மைத்துனர். பெரிய பணிமனை ஒன்றில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்ன வண்டியொன்று அவரிடம் வந்தது. ஸ்கேனரும் அதையே குறை சொன்னது. அவரோ குனிந்து காதைக் கொடுத்தார். சென்சாருக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பில் மெல்லிய 'டிக், டிக்' ஓசை! அக்கசிவில் நுழைந்த வெளிக்காற்றைக் கண்டே சென்சார் தவறாகச் சொல்லியிருக்கிறது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றினார். விளக்கு மீண்டும் எரியவில்லை.