முக்கால் இஞ்ச் ராடுக்கு எந்தக் கோலெட்?

சின்னமனூர் லேத் பட்டறைகளுக்குச் சோறு போடுவது வயலும் தோட்டமும்தான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல், வாழை, தென்னை. ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை. மேலே மேகமலையில் தேயிலை. அங்கெல்லாம் தேய்கிற இரும்பு ஏதாவது ஒரு பட்டறை வாசலுக்கு வந்துவிடுகிறது. அப்படியொரு பட்டறைக்கு நான் போயிருந்த அன்று திராட்சைத் தோட்டத்து மருந்து ஸ்பிரேயரின் ராடு ஒன்று மேசையில் கிடந்தது. வேறெங்கோ ஒருமுறை வேலை பார்த்த ராடு. மேஸ்திரி அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மூன்று இடங்களில் மங்கலாகத் தடம். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

“மூணு ஜா சக்குல இறுக்கிப் பிடிச்சிருக்காக. ஜாத் தடம் விழுந்திருச்சு. இதுமேல சீல் ஓடுனா எம்புட்டு நாளைக்குத் தாங்கும்ணே?”

மயில்துத்தம், சுண்ணாம்பு கலந்த மருந்து ஓடுகிற இடம் அது. சீல் கிழிந்தால் அழுத்தம் போய்விடும். மருந்து இலையில் படாமல் தரையில் சிந்தும். ஆகவே புது ராடு. பளபளவென்று வரும் பிரைட் ராடின் மேல்பரப்பை யாரும் கடையப் போவதில்லை. நுனியில் மரை போட்டு, முகம் சீவினால் போதும். கெடுக்காமல் பிடிப்பதுதான் இங்கே பாதி வேலை. கோலெட் தேவைப்படுவது இப்படிப்பட்ட வேலைக்கே.

மூணு ஜா சக் உருண்டையை மூன்று கோடுகளில் மட்டும் தொடுகிறது. உள்ளே இருக்கும் சுருள் மரை தேய்ந்த சக்கில் டயல் வைத்தால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் சாதாரணம். பித்தளைத் தகடு வைத்துப் பிடித்தால் தடம் விழாது, ஆட்டம் போகாது. கோலெட்டோ சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும். இரு பக்கமிருந்தும் மாறி மாறிக் கீறல் விட்ட ஸ்பிரிங் எஃகுக் குழல் அது. நட்டை முறுக்கினால் கூம்புக்குள் இறங்கிச் சுருங்கும். சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த ஈஆர் வகைதான் இன்று ஊர் ஊராகப் புழங்குகிறது. மேஸ்திரியிடம் இருப்பது ஈஆர்-32 பெட்டி, 3 முதல் 20 மில்லிமீட்டர் வரை 18 கோலெட்டுகள்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் மைக்ரோமீட்டரை எடுத்துப் புது ராடைத் திருப்பித் திருப்பி அளந்தார். 19.05. சரியாக முக்கால் இஞ்ச்.

“தம்பி, பத்தொம்பது எடுப்பியா, இருபது எடுப்பியா?”

உதவியாள் பையன் 19-இல் கை வைத்தான். “கொஞ்சந்தானேண்ணே கூட இருக்கு?”

அந்தக் கொஞ்சம்தான் கோலெட்டைக் கொல்லும். ஈஆர் கோலெட் தன் அளவிலிருந்து கீழே ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். மேலே விரியவே விரியாது. 19 என்றால் 19 முதல் 18 வரை. 19.05-ஐத் திணித்தால் கீறல் முனையில் வெடிக்கும், அல்லது பழைய வடிவத்துக்குத் திரும்பாது. 20-ஐத்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு. ஏறக்குறைய முழு மில்லிமீட்டர் சுருங்கியபின் உள்வளைவு ராடின் வளைவோடு பொருந்தாமல், பிடிப்பு கீறல்களுக்கு இடைப்பட்ட பகுதிகளின் நடுவில் மட்டும் நிற்கும். பையனிடம் மேஸ்திரி, “லேசா வெட்டு, பாத்து வெட்டு” என்றது அதனால்தான்.

கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தினார். ‘டக்’கென்று உட்கார்ந்த பிறகே கூம்பில் வைத்தார். இந்த முறை தெரியாமல் கோலெட்டைக் கூம்பில் போட்டுவிட்டு மேலே நட்டை முறுக்கி, பிறகு வெளியே எடுக்க முடியாமல் தட்டித் தட்டி உடைப்பவர்கள் நிறையப் பேர். மண்ணெண்ணெய்த் துணியால் கீறல்களைத் துடைப்பதையும் அவர் விடவில்லை. ஒரு பிசிறு உள்ளே நின்றால் வாங்கிய நேர்த்தியெல்லாம் வீண். துண்டு குட்டையாக இருந்தால், பின்பக்கம் அதே தடிமனில் இன்னொரு துண்டு வைத்துத்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்வாய் மட்டும் சுருங்கி, முன்பிடி நழுவும்.

கருப்பு ராடைக் கோலெட்டில் வைக்கவே கூடாது என்பார் அவர். செதில் படிந்தது, உருண்டையும் சரியிராது. 20 மில்லிமீட்டர் பிரைட் ராடு நல்ல தரமாக இருந்தால் 19.95-க்குக் கீழே போகாது. கருப்பு ராடுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதற்குச் சக்குதான்.

இன்னொரு கவனிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மோர்ஸ் டேப்பர் வால் வைத்த கோலெட் சக் மலிவு. ஆனால் ஸ்பிண்டில் துளையை அது அடைத்துவிடும், நீள ராடு உள்ளே போகாது. இவர் தட்டு வகையை வாங்கி, அதைத் தாங்கும் பின்தட்டைத் தன் லேத்திலேயே ஏற்றிக் கடைந்திருக்கிறார். பம்பு ஷாஃப்ட் நீளத்துக்கு உள்ளே போகிறது.

கோவையில் டிராப் ஆட்டோமேட்டிக் லேத் ஓடும் பட்டறைகளில் ஒரே ராடு, ஒரே அளவு, ஆயிரக்கணக்கில். அங்கே ஒரு கோலெட் போதும். 5சி என்ற கோலெட் வகையும் அப்படித்தான்: சுருக்கம் மிகக் குறைவு, ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வேண்டும். ரிப்பேர் ஊருக்கு அது கட்டுப்படியாகாது. ஈஆர்-40 வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். 26 வரை பிடிக்கும், 25 மில்லிமீட்டர் ஷாஃப்டும் அடங்கும்.

“இருவதுக்கு மேல வந்தா நாலு ஜா இருக்குல்லண்ணே? டயல் வச்சுப் பாத்துக்கிருவேன்” என்றார்.

ஒன்றிரண்டு ஷாஃப்டுக்கு அவர் சொல்வது சரி. எனக்கென்னவோ, தண்ணீர் திறப்புக்கு முந்தைய நெருக்கடியில் அத்தனை ஷாஃப்டுக்கும் டயல் பிடிக்க நேரம் இருக்காது என்றே படுகிறது. ஆனால் அடுத்து அவர் வாங்கப் போவது ஈஆர்-32-இலேயே முக்கால் இஞ்ச் கோலெட், ஒன்றே ஒன்று. பழைய பம்புகளும் ஸ்பிரேயர்களும் இஞ்ச் கணக்கில் இருக்கிற வரை, இன்னொரு முழுப் பெட்டியைவிட அந்த ஒற்றைக் கோலெட்டுக்கே வேலை அதிகம்.