கிரயமா, குத்தகையா?

நம் முன்னோர் எழுதி வைத்த கிரயப் பத்திரங்களைப் படிப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. நிலத்தின் நான்கெல்லைகளைச் சொல்லி, கிணற்றையும் வாய்க்காலையும் வழிநடைப் பாத்தியத்தையும் சொல்லி, இறுதியில் வாங்குபவர் அதனைப் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்’ ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முடிப்பார்கள். மொழி பழையது, ஆனால் பொருளில் ஐயமில்லை. பணம் கைமாறியது, பொருளும் கைமாறியது. விற்றவர் நாளை வந்து வேலியைப் பிடுங்க முடியாது. கிரயம், ஒத்தி, குத்தகை, வாடகை என்று ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனிச் சொல்லை நம் மக்கள் வைத்திருந்தார்கள். தம் காலடியில் உள்ள நிலம் இவற்றுள் எந்த வகை என்பது எழுத்தறியாத உழவருக்கும் தெரிந்திருந்தது.

இன்று நாம் காசு கொடுத்துப் பெறும் பொருள்களில் ஒரு பெரும் பகுதி கைக்கு அகப்படாதது. கணினி மென்பொருள், வீடியோ விளையாட்டு, மின்னூல், இணையச் சேவை என்று பட்டியல் நீள்கிறது. ‘வாங்குக’ என்ற பொத்தானை அழுத்துகிறோம், பணம் போய்விடுகிறது. நம் கைக்கு வந்தது கிரயமா, குத்தகையா? இந்தக் கேள்வியை அண்மைக் காலமாக நாங்கள் எங்கள் இல்லத்தில் அடிக்கடி கேட்டுக்கொள்கிறோம். விடை எளிதாகக் கிடைப்பதில்லை.

2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களைப் பலர் விலை கொடுத்து வாங்கியிருந்தனர். அந்தப் பதிப்பை விற்பனைக்கு வைத்தவருக்கு அதற்கான உரிமை இல்லை என்று பின்னர் தெரியவந்தது. உடனே நிறுவனம், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்நூல்களைத் தொலைவிலிருந்தபடி அகற்றிவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் பாடத்திற்காக நூலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவன் எழுதி வைத்த குறிப்புகள், எந்த வரிக்கு உரியவை என்று அறிய வழியின்றி அநாதையாயின. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெஸோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆவணங்களைச் சுவடின்றி அழிக்கும் ஓர் அரசைப் பற்றிய நூலுக்கே இந்தக் கதி நேர்ந்ததை எண்ணி உலகம் நகைத்தது. எங்களை உறுத்தியது வேறொன்று. புத்தகக் கடைக்காரர் தாம் தவறான நூலை விற்றுவிட்டதை அறிந்தால் நம் வீட்டுக் கதவைத் தட்டுவார். நாம் இல்லாத வேளையில் உள்ளே புகுந்து அலமாரியைத் திறக்கமாட்டார். இங்கோ, விற்ற பிறகும் அலமாரியின் சாவி விற்றவரிடமே இருந்தது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் விளையாட்டுலகில் இதனினும் பெரியதொன்று நிகழ்ந்தது. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014இல் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாட்டின் சாலைகளையெல்லாம் சுருக்கிப் படைத்த ஒரு பரந்த உலகம் அது. தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் கணினியோடு இணைப்பில் இருந்தாக வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினர். 2024 மார்ச் 31ஆம் நாள் அந்தக் கணினிகளையும் நிறுத்தினர். வட்டு வாங்கியவர்களிடம் வட்டு இருந்தது, விளையாட்டு இல்லை. இதனைக் கண்டு வெகுண்ட ராஸ் ஸ்காட் என்பவர், விற்ற விளையாட்டுகளை இவ்வாறு சாகடிக்கலாகாது என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிப்பதற்கான மக்கள் விண்ணப்பத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்திற்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். ஒரு பந்தய விளையாட்டுக்காகவா இத்தனை கையொப்பம் என்று சிலர் வியந்தனர். அவர்கள் கேட்டது விளையாட்டை மட்டுமன்று. ‘விற்றேன்’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டார்கள்.

சட்டத்தின் கண்ணில் நிறுவனங்கள் பெரும்பாலும் பிழையேதும் செய்யவில்லை. பொத்தானை அழுத்துமுன் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாம் ஒரு நீண்ட பத்திரத்துக்கு இசைவு தருகிறோம். விற்கப்படுவது பொருளன்று, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்றும், அதனையும் நிறுவனம் திரும்பப் பெறலாம் என்றும் அதில் எங்கோ எழுதியிருக்கும். நான்கெல்லையைப் போல் எவரும் அதனை உரக்கப் படித்துக் காட்டுவதில்லை. இந்த மறைப்பைக் கண்ட கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. திரும்பப் பெறத்தக்க அனுமதியை விற்பவர், அதனை அனுமதி என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். 2025 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பறிப்பதை அது தடுக்கவில்லை. பறிக்கப்படலாம் என்று முன்கூட்டிச் சொல்லச் செய்தது. அதுவும் ஒரு தொடக்கமே.

மறுபக்கத்தையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபது வயதைத் தாண்டியிருந்த பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எங்கள் மென்பொருளை ஆளுக்காள் படியெடுத்துக்கொண்டால் உழைத்தவனுக்குக் கூலி எங்கே என்பது அவருடைய வினா. வினா நியாயமானதே. உழைப்புக்கு விலை வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் விலை பெறுவது வேறு, விற்றபின் பூட்டி வைப்பது வேறு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அடிக்கடி தாள் சிக்கிக்கொண்ட ஓர் அச்சுப்பொறியின் மென்பொருளைத் தாமே திருத்த விரும்பினார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டனர். தம் அறையில் நிற்கும் பொறியைத் தாமே செப்பனிட இயலாத அந்த நிலை அவரைச் சிந்திக்க வைத்தது. 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து, எவரும் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருள் ஒன்று உலகில் நிலைபெற வழிசெய்தன.

பூட்டு வாங்கியவரை மட்டும் வெளியே நிறுத்தவில்லை, படைத்தவரையும் நிறுத்தியது. அடாரி நிறுவனத்தை 1976இல் வார்னர் குழுமம் விலைக்கு வாங்கியது. அதன் விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் பெயர்கள் பெட்டிமீது அச்சாவதில்லை. வாரன் ராபினெட் என்ற இளைஞர் இதனைப் பொறாமல், தாம் தனியாக உருவாக்கிய ‘அட்வெஞ்சர்’ விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி, இதனைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்று அங்கே எழுதி வைத்தார். மேலாளர்களுக்கும் அது தெரியாது. அவர் வேலையை விட்டு நீங்கிய பிறகு, விளையாடிய சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்தான். கோயில் தூணின் இருண்ட மூலையில் தன் முகத்தைச் செதுக்கிச் சென்ற ஒரு சிற்பியைப்போல் அவர் எங்களுக்குத் தோன்றுகிறார்.

அதே நிறுவனத்தின் வேறு நான்கு படைப்பாளர்கள் 1979இல் வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். படைத்தவர் பெயரைப் பெட்டியிலேயே அச்சிடுவது அவர்கள் வழக்கமாயிற்று. பெயருக்காகப் பிறந்த நிறுவனம் என்று அதனைச் சொல்லலாம். காலம் உருண்டது. பல கைகள் மாறி, பலவற்றோடு இணைந்து, அது ஒரு மாபெரும் குழுமமாயிற்று. 2022 ஜனவரியில் அதனை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2023 அக்டோபரில் வாங்கி முடித்தது. அடுத்த ஜனவரியிலேயே அதன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேர் வேலை இழந்தனர். படைப்பாளரின் மதிப்புக்காக எழுந்த ஒரு கலகம், கணக்கேட்டின் ஒரு வரியாக முடிந்தது.

பணம் கேட்கும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு காசுப்பொறியில் நாணயம் போட்டால் ஆட்டம். நாணயம் தீர்ந்தால் வீடு. இன்று ஆட்டம் இலவசம். ஆட்டத்தின் நடுவே கடை. எங்கள் இல்லத்துச் சிறுவன் ஒருவன், கைபேசியில் ஒரு விளையாட்டின் ‘வைரக்கற்களுக்காக’த் தன் பாட்டியிடம் நாள்தோறும் கெஞ்சினான். ஐம்பது ரூபாய்க்கு எத்தனை கல், ஒரு வாளுக்கு எத்தனை கல் என்று கணக்கிட்டால், கையில் எப்போதும் சில கற்கள் எஞ்சும். அடுத்ததை வாங்கப் போதாத அளவுக்கே எஞ்சும். அது தற்செயலன்று என்று அவனுடைய அண்ணன்தான் எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். பெரிய அளவில் இத்தகைய வழிகள் நீதியின் பார்வைக்கும் வந்தன. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு 52 கோடி டாலர் தர உடன்பட்டது. சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு 27.5 கோடி, குழப்பமான பொத்தான்களால் வேண்டாதவற்றை வாங்கச் செய்ததாகச் சொல்லப்பட்டதற்காக வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர 24.5 கோடி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பரிசுப் பெட்டிகள் சில விளையாட்டுகளில் சூதாட்டமே என்று பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது.

எங்கள் பாட்டியின் பல்லாங்குழிப் பலகை இன்றும் வீட்டில் இருக்கிறது. பதினான்கு குழிகள், ஒரு பிடி புளியங்கொட்டை. ஊருக்கு ஊர் விதி மாறும். ஆடுபவர்களே விதியை மாற்றிக்கொள்வார்கள். பலகை செய்த தச்சர் கூலி பெற்றார், அத்தோடு சரி. அவர் மறைந்த பின்னும் பலகை ஆடுகிறது. பழமையைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு தன்னை ஆடுகிறவர்களுக்கு உரியதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்றாகவே சொல்கிறோம்.

விலையே இல்லாமல் வரும் சேவைகளில் இந்த உறவு இன்னும் மங்கலானது. யாகூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் சேவையை அமெரிக்காவில் 2009 அக்டோபரில் மூடியபோது, எண்ணற்றோர் எழுதிய பக்கங்கள் மறைந்தன. தன்னார்வலர் சிலர் இரவு பகலாய்ப் படியெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. கூகுள் நிறுவனம் தன் ரீடர் சேவையை 2013 ஜூலையிலும், இந்தியாவில் பலரும் நட்புப் பேணிய ஆர்குட்டை 2014 செப்டம்பரிலும் நிறுத்தியது. முன்னறிவிப்பு உண்டு, எடுத்துச்செல்லக் கெடுவும் உண்டு. ஆனால் நட்பின் நெடிய உரையாடலை எந்தப் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்வது? சத்திரத்தில் தங்கியவன் அதனைத் தன் வீடென்று எண்ணியது யார் பிழை என்று கேட்கலாம். சத்திரத்தின் வாயிலில் ‘உங்கள் வீடு’ என்று எழுதி வைத்தது யார் என்றும் கேட்கலாம் அல்லவா?

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனி வடுவும் உண்டு. 1990களில் தமிழைக் கணினியில் எழுத ஒவ்வொரு நிறுவனமும் ஓர் எழுத்துருவை வெளியிட்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை, தத்தம் விருப்பப்படி, அவை அமர்த்தின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது. எங்கள் தந்தையார் தம் இறுதி ஆண்டுகளில், பிறந்த ஊரின் குளங்கள், தெருக்கள், குடும்பங்கள், பஞ்ச காலத்துச் செய்திகள் ஆகியவற்றை அவ்வாறு ஓர் எழுத்துருவில் தட்டெழுதி நெகிழ்வட்டுகளில் சேமித்தார். மென்பொருளை இயக்க, கணினியின் பின்புறம் செருகும் ஒரு சிறு பூட்டுக் கருவியும் வேண்டும். அவர் மறைந்த சில ஆண்டுகளில் கணினி பழுதாயிற்று. பூட்டுக் கருவி புதிய கணினியில் பொருந்தவில்லை. விற்ற நிறுவனமும் தொழிலை விட்டிருந்தது. வட்டைத் திறந்தபோது திரையில் நின்றவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். எங்கள் தந்தையாரின் குரல் அங்கேதான் இருந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை.

அவர் அச்சிட்டு வைத்த நான்கு தாள்கள் ஒரு பழைய கோப்பில் கிடைத்தன. எங்கள் உடன்பிறந்தோர் கூடி, தாளிலுள்ள தமிழ் எழுத்தையும் திரையிலுள்ள ஆங்கில எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். கல்வெட்டுப் படிப்பவர்களைப்போல் ஒரு கோடை விடுமுறை முழுதும் உழைத்து ஓர் அட்டவணை செய்தோம். ஒரு வட்டைப் பூஞ்சை தின்றிருந்தது. அதற்கு எவரையும் குறை சொல்வதற்கில்லை. மற்ற வட்டுகளில் ஊர் மீண்டு வந்தது. வறண்ட ஓர் ஆண்டில் எந்தக் கிணற்றைத் தெருவினர் பொதுவாக இறைத்தார்கள் என்ற பகுதியைத் தங்கை உரக்கப் படித்தபோது, எங்களுள் எவருக்கும் பேச்சு எழவில்லை.

இன்று அந்த இடர் பெரிதும் நீங்கிவிட்டது. 1991இல் வெளியான யூனிகோடு தரத்தின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. அதன் அமைப்பு தமிழின் இயல்புக்கு முற்றும் பொருந்தவில்லை என்ற அறிஞர்களின் குறை தனியே நிற்கிறது. கவனிக்கத்தக்கது வேறு: யூனிகோடு அமைப்பிலும் பெருநிறுவனங்களே முதன்மை உறுப்பினர். ஆக, நிறுவனம் கை வைத்ததெல்லாம் கெட்டது என்று சொல்ல இயலாது. தாம் ஒத்துக்கொண்டதை அவர்கள் எல்லோரும் காணப் பொதுவில் வைத்தார்கள். அந்த நிறுவனங்கள் நாளை மறைந்தாலும் எழுத்து நிற்கும். பொது வாய்க்காலுக்கும் பூட்டிய தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எனவே நாங்கள் சில வழக்கங்களை மேற்கொண்டிருக்கிறோம். இழக்கக்கூடாதவற்றை ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் விடுவதில்லை. எழுதியவற்றை எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய எளிய வடிவில் ஒரு படி, தாளில் ஒரு படி என்று வைக்கிறோம். பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்குமுன், இணைப்பின்றி இது இயங்குமா, நிறுவனம் மூடினால் என்னவாகும் என்று அவர்களையே விசாரித்துச் சொல்லச் செய்கிறோம். வைரக்கற்களுக்காகக் கெஞ்சிய சிறுவனே இப்போது முதலில் கேட்கிறான்.

ஆனால் வீட்டு விழிப்பு மட்டும் போதாது. நிலத்தை விற்பவர் மனம்போல் எழுதிக்கொள்ளாதபடி பத்திரப் பதிவுக்கு ஒரு முறைமை இருக்கிறது. மென்பொருளுக்கும் அதுபோன்றதொரு முறைமை நம் நாட்டிலும் வேண்டும். விற்றால் கிரயமாக விற்கட்டும். குத்தகை என்றால் குத்தகை என்றும், எத்தனை ஆண்டுக்கு என்றும் முதல் வரியிலேயே எழுதட்டும். கடையை மூடுகிறவர், வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு மூடட்டும். கேட்பது சலுகையன்று, கொடுத்த காசுக்கு உரிய சொல்.