அம்மனுக்கு மணிமாலை கோர்க்க வாரீங்களா?

 

போன நவராத்திரியில் ஒன்பது நாளும் உற்சவ அம்மன் போட்டிருந்த மணிமாலைகளை எந்தக் கடையில் வாங்கினீங்கன்னு நிறைய பேர் கேட்டீங்க. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலயா, இந்தியாவிலிருந்து வரவழைச்சதான்னுகூட ஒருத்தர் கேட்டார். கடையில் வாங்கலை. நம்ம ஆலய மகளிர் குழுவில் ஏழு பேர், அவங்கவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோர்த்தது. இந்த வருஷம் இன்னும் கை வேணும். அதனால, புதுசா தொடங்குறவங்களுக்காக இதை எழுதுறோம்.

முதல்ல ஒன்று. கைவினைக் கடைக்குப் போனதும் கண்ணு அலையும். எல்லா நிறமும் வேணும்னு தோணும். வேண்டாம். 8 மில்லிமீட்டர் மணி, ஒரே நிறம், இரண்டு சரம் போதும். 16 அங்குல மாலைக்கு 8 மில்லிமீட்டர் மணி சுமார் 50 பிடிக்கும். கணக்குப் போட்டு வாங்கினா காசு மிச்சம். ரொம்பப் பொடியான மணிக்கு 11, 8, 6-ன்னு நம்பர் போட்டிருப்பாங்க. நம்பர் கூடக்கூட மணி சின்னதாகும். 11-ஆம் நம்பர் மணி 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மலாக்காவிலும் பினாங்கிலும் நோன்யா பெண்கள் செருப்பில் பூப்பூவா தைப்பாங்களே, அந்த மாதிரிப் பொடி மணி. பார்க்க அழகு, ஆனா தொடக்கத்துக்கு அது ஆகாது. கழுத்து வலிதான் மிஞ்சும்.

நூல் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. மீன்பிடிக்கிற நைலான் நரம்பு மலிவுதான், ஆனா நாளாக ஆக மஞ்சளாகி, வெடுக்குன்னு அறுந்துடும். கனமான மணிக்கு மேலே நைலான் பூசின மெல்லிய எஃகுக் கம்பி இருக்கு, அதுதான் நிக்கும். முனையில் முடிச்சுக்குப் பதிலா ஒரு குட்டி உலோகக் குழாயை மாட்டி, குறடால் நசுக்கிவிடணும். நசுக்கினதும் ஒரு தடவை நல்லா இழுத்துப் பாருங்க. மணிகளை நெருக்கி இறுக்கிடவும் கூடாது. மாலை வளையணும்னா ஒரு மணி அளவுக்கு இளக்கம் விடணும். இல்லாட்டி அது கழுத்தில் படியாம விறைச்சு நிக்கும்.

மனுஷங்க மாலைக்குப் பின்னால் கொக்கி போடுவோம். அம்மனுக்கு அப்படி இல்லை. புடவை சாத்தினதுக்குப் பிறகு எவ்வளவு நீளம் வேணும்னு குருக்களுக்கே அந்த நேரத்தில்தான் தெரியும். அதனால இரண்டு பக்கமும் பட்டுக் கயிறு விட்டுடுவோம். அவர் இழுத்துக் கட்டிக்குவார்.

இன்னொரு முக்கியமான விஷயம் எச்சில். ஊசியில் நூல் நுழையலைன்னா உடனே வாயில் வைச்சு நனைக்கிறது நம்ம எல்லாருக்கும் கைப்பழக்கம். அம்மன் மாலையில் அது கூடவே கூடாது. நூல் முனையைச் சாய்வா வெட்டி, நகப்பூச்சு ஒரு சொட்டு தடவிக் காய வையுங்க. முனை விறைப்பாகி, ஊசியே இல்லாம மணிக்குள்ள போகும். அழகா இருக்கான்னு பார்க்க கழுத்தில் வைச்சுப் பார்க்கிறதும் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருந்தா, எழுந்திருக்கும்போதே மணி டப்பாவை மூடிடுங்க. வாயில் போட்டுக்கும்.

ருத்ராட்சம் கோர்க்க ஆசைப்படுறவங்க இருக்கீங்க. 108 மணி, அதோட மேரு ஒன்று. நேபாள மணி பெரிசு, நம்ம பக்கத்து ஜாவாவில் விளையிறது சின்னது. ஜெபத்துக்கு விரலில் உருட்ட சின்னதுதான் வசதின்னு எங்களுக்குத் தோணுது. மணிக்கு மணி முடிச்சுப் போட்டீங்கன்னா ஒரு இடத்தில் அறுந்தாலும் மத்தது சிதறாது. நூல் மட்டும் மாலை நீளத்தைப் போல பல மடங்கு எடுத்து வைச்சுக்குங்க.

பிளாஸ்டிக் முத்து அம்மனுக்கு ஆகுமான்னு எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. கண்ணாடி மணியாவது இருக்கணும்னு பாதிப் பேர். சுத்தமா, புதுசா இருந்தா சாத்தலாம்னு குருக்கள் சொல்லிட்டார். ஆனாலும் பிளாஸ்டிக் முத்தில் எண்ணெயும் சந்தனமும் பட்டா சீக்கிரமே மேல்பூச்சு உரியுது. அதனால நாங்க கண்ணாடிக்கே வந்துட்டோம்.

இனி கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும். எங்க குழுவில் ஓர் அக்கா இருக்காங்க. தொழிற்சாலை மூடி வேலை போனது. இரண்டு பிள்ளைங்க இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாங்க. அம்மனுக்குக் கோர்த்துப் பழகின கை, இப்போ வீட்டிலேயே மாலை, தோடு செஞ்சு விக்கிறாங்க. ஒரு மாலைக்குச் சாமான் 14 வெள்ளி, உட்கார்ந்து கோர்க்க மூன்று மணி நேரம். 35 வெள்ளி சொன்னா, “கோயில் ஆளுங்கதானே, 15-க்குக் குடுங்க”ன்னு கேட்கிறாங்க. பேரங்காடியில் ஒட்டியிருக்கிற விலையை நாம அப்படிக் கேட்கிறதில்லையே? சேவை வேற, பிழைப்பு வேற. அம்மனுக்குக் கோர்க்க அவங்க ஒரு காசு வாங்கினதில்லை. அம்மனுக்குச் சாத்தின மாலையின் அதே வடிவத்தை வெளியே விக்கிறதில்லைன்னும் அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க. இவ்வளவு கட்டுப்பாடா இருக்கிறவங்ககிட்ட 20 வெள்ளி குறைச்சுக் கேட்க எப்படி மனசு வருது? அவங்க பேரை இங்கே போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பாவம்னு யாரும் வாங்க வேண்டாமாம். பிடிச்சிருந்தா மட்டும் வாங்கினால் போதுமாம்.

வர்ற சனிக்கிழமை சாயரட்சை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் பாய் விரிச்சு உட்காருவோம். சொல்லிக் கொடுப்பது அந்த அக்காதான். மணியும் நூலும் ஆலயத்திலேயே இருக்கு. ஆம்பிளைங்களும் வரலாம், போன வருஷம் ஓர் ஐயா கோர்த்த பவள மாலைதான் விஜயதசமி அன்னிக்கு அம்மன் கழுத்தில் இருந்தது. ஒரு வெள்ளைத் துண்டு கொண்டு வாங்க, மணி உருளாம இருக்க விரிச்சுக்கலாம். கிட்டப் பார்க்கக் கண்ணாடி போடுறவங்க அதையும் மறந்துடாதீங்க, மண்டப விளக்கு கொஞ்சம் மங்கல்தான்.